மழை விட்டபின் தூண் நிழலில்

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஏரி கிடையாது. டோஸ் ஆறும் அதில் வந்து விழும் ஒய்லாக் ஓடையும்தான் அந்த ஊரின் நீர். பெருமழை பெய்தால் டோஸ் சில மணி நேரத்தில் பெருகிக் கலங்கிவிடும். அந்த நேரத்தில் தூண்டில்காரருக்குக் கைகொடுப்பது, தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கும் ஃபெஃபிக்கர் ஏரி. அதன் படகுத்துறைத் தூண்களுக்கு நடுவே எக்லி பதுங்கியிருக்கும்.

ஐரோப்பிய பெர்ச் மீனுக்குச் சுவிஸ் ஜெர்மானியர் வைத்த பெயர் எக்லி. பச்சை உடம்பில் கருங்கோடுகள், செம்மஞ்சள் அடித்துடுப்புகள், முதுகில் கையைக் குத்தும் முள்துடுப்பு. நம் கழிமுகத்துக் கொடுவாவைத் தெரிந்தவர்களுக்கு இதன் குணம் புதிதல்ல. கொடுவாவும் மூழ்கிய கட்டை, கண்டல் வேர், பாலத்தூண் என்று ஓரம் பார்த்து நின்று பாயும்.

தூணில் பாசி படர்கிறது. பாசியில் பூச்சிப் புழுக்கள், அவற்றைத் தின்னக் குஞ்சுமீன், அதைத் தேடி எக்லி. நிழலும் அதற்குத் துணை: இருட்டில் நிற்கும் மீனுக்கு வெளிச்சத்தில் நீந்தும் இரை தெளிவாகத் தெரியும், இரைக்கு வேட்டைக்காரன் தெரியாது.

மழை இந்தக் கணக்கை மாற்றுகிறது. புதுவெள்ளத்தில் மீன் எதிரேறும் என்பது நம் ஊர் அனுபவம். எக்லி அப்படியல்ல, பகலில் கண்ணால் வேட்டையாடுவது. நீர் சேறாகிவிட்டால் அதன் பார்வை குறுகும். உடம்பின் பக்கக்கோட்டால் அதிர்வை உணரும் என்றாலும் அதிக தூரம் துரத்திப் போகாது. ஆகவே மழை பெய்தாலே மீன் கடிக்கும் என்பது பாதி உண்மைதான். ஓடை கொண்டுவந்த கலங்கலும் ஏரியின் தெளிநீரும் சந்திக்கும் கோடு துறைக்குப் பக்கத்தில் அமைந்தால் அதுவே நல்ல இடம். கரையிலிருந்து அடித்துவந்த மண்புழுவும் பூச்சியும் அங்கே மிதக்கும், குஞ்சுமீன் கூடும்.

ஈயக்குண்டு அடியில் தங்க, முள் அதற்கு ஒரு சாண் மேலே மண்புழுவோடு நிற்கட்டும். தூணை ஒட்டி இறக்கி, கோலின் நுனியை மெல்ல அசைத்தால் போதும். இடி ஓயாமல் மட்டும் போகக்கூடாது. கார்பன் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

சுவிஸ் சட்டமும் கண்டிப்பானது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அனுமதிச்சீட்டு வேண்டுமானால், மீனைத் துன்புறுத்தாமல் கையாளத் தெரியும் என்பதற்கான சான்றிதழ் 2009 முதல் கட்டாயம். திருப்பி விடுவதற்கென்றே மீன் பிடிப்பதும் தடை. பிடித்தால் சமைக்க வேண்டும், அதுதான் நியாயமும்.

இந்த ஏரிக்குத் தூண்கள் புதியவை அல்ல. தென்கரையில் ரோபன்ஹவுசன் சதுப்பில், புதிய கற்கால மக்கள் மரத்தூண்கள் ஊன்றிக் கட்டிய குடியிருப்பை 1858-இல் யாக்கோப் மெசிகொம்மர் என்ற விவசாயி கண்டுபிடித்தார். 2011-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே தோண்டியெடுத்தவற்றில் ஆளிநூலில் பின்னிய மீன்வலைத் துண்டுகளும் இருந்தன.