உங்களுக்குத் தெரியுமா? வீடு உங்களுடையது, நிலம் யாருடையது?

முழு விலை கொடுத்து, வங்கிக் கடனையும் அடைத்து முடித்த வீடுகூடக் குத்தகைக் காலம் முடிந்தால் மாநில அரசின் கைக்குப் போய்விடலாம்! தீபகற்ப மலேசியாவில் அரசு புதிதாக வழங்கும் குத்தகை நிலத்துக்கு அதிகபட்ச ஆயுள் 99 ஆண்டுகள்.

• ஹுத்தான் மெலிந்தாங்கில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் கெராந்தை (நில உரிமைப் பத்திரத்தை) பாருங்கள். ‘செலாமா-லாமாஞா’ என்றிருந்தால் நிரந்தர உரிமை. ‘பஜாக்கான்’ என்றிருந்தால் குத்தகை. மீதி ஆண்டுகளை எண்ணுங்கள். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

• ‘செகாத்தான் கெபெந்திங்ஙான்’ என்ற வரியையும் விடாதீர்கள். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்ற நிபந்தனை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

• மலாய் ஒதுக்கீட்டு நிலம் மலிவாகக் கிடைத்தாலும் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாறாது.

• குடியுரிமை இல்லாதவர் வீட்டு மனை வாங்க மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவு அப்படிச் சொல்கிறது.

• தோட்ட லயத்து வீடு கம்பெனியின் சொத்து. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் குடியிருந்ததற்காக மட்டும் கெராந்து வராது.