பத்துமலை இருட்டுக் குகையைக் காப்போம்

தைப்பூசத் திருநாளன்று பத்துமலையின் 272 படிகளில் ஒரு முறையேனும் ஏறாத தோட்டக் குடும்பம் சிலாங்கூரில் அரிது. 1892ஆம் ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. முன்னாளில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மக்கள் லாரிகளிலும் பேருந்துகளிலும் திரண்டு வந்தனர். இன்றோ பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரல் நிலையத்தில் ஏறினால், மின்ரயில் மலையடிவாரத்திலேயே இறக்கிவிடுகிறது.

படியேறும்போது, கோயில் குகையை அடையுமுன் இடப்பக்கமாக ஒரு வழி பிரிவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதுவே இருட்டுக் குகைக்குச் செல்லும் வழி. ஒரே மலையில் ஒரு குகை இலட்சக்கணக்கான பக்தர்களை வரவேற்க, மற்றொரு குகை மட்டும் ஏன் காவலுக்குள் வைக்கப்பட வேண்டும்? இதனை நாம் சற்றே ஆராய்வோம்.

வௌவால் தரும் கனி

இருட்டுக் குகை வெறும் பாழிடம் அன்று. பல்லுயிர்கள் வாழும் வீடு. அவ்வீட்டின் தலைவன் வௌவால். பகலெல்லாம் கூரையில் தொங்கும் தேனுண்ணி வௌவால்கள், அந்தி சாய்ந்ததும் பூக்களைத் தேடிப் புறப்படுகின்றன. டுரியான் மரத்தின் பூக்கள் மாலையில் மலர்ந்து இரவிலேயே மணம் வீசுவன. அவற்றில் தேன் பருகும் வௌவால், தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு சேர்க்கிறது. அதனாலேயே பூ காயாகிறது. 1970களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை டுரியான், பெத்தாய் மரங்களை மட்டுமன்றி, பல மைல்களுக்கு அப்பாலுள்ள கடலோரச் சதுப்புநிலக் காட்டு மரங்களையும் நாடிச் செல்வதைக் கண்டறிந்தனர். நாம் சுவைத்து உண்ணும் டுரியான் சுளைக்கும் இக்குகைக்கும் உள்ள தொடர்பு இதுவே.

குகைக்குள் கதிரவன் ஒளி புகாது. ஆதலால் அங்குச் செடி கொடி வளர்வதில்லை. வௌவாலின் எச்சமே அங்குள்ள சிற்றுயிர்களுக்கு உணவாகும். அதனைக் கரப்பான்களும் பிற பூச்சிகளும் தின்கின்றன. அவற்றைச் சிலந்திகள் பிடிக்கின்றன. குகைப் பாம்போ வௌவாலையே இரையாகக் கொள்கிறது. பத்துமலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒருவகைச் சிலந்தியும் இங்கு வாழ்கிறது. அறிவுலகம் 1923இல் அறிந்த இச்சிலந்தி, பாறைச் சுவரில் மூடியுள்ள கூடு கட்டி, வாயிலிலிருந்து நூலிழைகளைப் பரப்பி வைக்கும். பூச்சியின் கால் இழையில் பட்டதும் மூடியைத் திறந்து பாயும். நாம் சுவரில் கை வைத்தால் அவ்விழைகளும் கூடும் ஒரு நொடியில் அழிந்துபடும்.

காலடியும் கைப்பட்டதும்

கூட்டம் கட்டுப்பாடின்றி நுழைந்தால் கூச்சலாலும் விளக்கொளியாலும் வௌவால்கள் கலைந்தோடும். வௌவால் நீங்கினால் எச்சம் இல்லை. எச்சம் இல்லையேல் மற்ற உயிர்களும் இல்லை. உணவுக் குப்பையோ எலியையும் எறும்பையும் உள்ளே அழைத்து வரும். சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களை நாம் தொட்டால், கையிலுள்ள எண்ணெய்ப் பசை படிந்து அவற்றின் வளர்ச்சி தடைப்படும்.

பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகை இதற்குச் சான்று. தொல்மனிதர் வரைந்த ஓவியங்களைக் காண 1948இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. வந்தோரின் மூச்சுக் காற்றே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால், 1963இல் அதனை மூட வேண்டியதாயிற்று.

நமது இருட்டுக் குகையிலும், மலேசிய இயற்கைச் சங்கத்தின் ஒத்துழைப்புடன் ஒரு நடுவழி கையாளப்பட்டது. சிறு சிறு குழுக்களாக, வழிகாட்டியின் துணையோடு, குறித்த பாதையில் மட்டுமே மக்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 2019இல் குகை பார்வையாளருக்கு மூடப்பட்டது.

பால்வெட்டு கற்பிக்கும் பாடம்

பால்மரம் வெட்டுவோர் இம்முறையின் பொருளை எளிதில் உணர்வர். கத்தி ஆழப் பதிந்து கட்டையைத் தொட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஆகவேதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை ஏற்பட்டது. மரத்தை வெட்டாமலே விட்டால் பிழைப்பில்லை. அளவின்றி வெட்டினாலோ மரமே இல்லை. குகைக்கும் இதே நியதிதான். கோயில் குகை கூட்டத்தைத் தாங்கும்; இருட்டுக் குகை தாங்காது. எந்த இடம் எத்துணை மக்களைத் தாங்கும் என்று அளந்தறிந்து நடப்பதே பாதுகாப்பின் அடிப்படை.

நாம் செய்யத்தக்கவை

பூட்டிய வழியில் வேலி தாண்டி நுழைதல் ஆகாது. பிள்ளைகளையும் அவ்வாறு செய்ய விடலாகாது. படிகளில் குரங்குகளுக்குப் பழமும் தேங்காயும் நீட்டுவதைத் தவிர்ப்போம். மனிதர் கையில் உணவு கண்டு பழகிய குரங்கு, பிறகு குழந்தையின் கையிலிருந்தும் பிடுங்கும், கடிக்கவும் செய்யும். காகிதம், புட்டி, பொட்டலம் யாவற்றையும் குப்பைத் தொட்டியில் இடுவோம். பாறையில் பெயர் பொறிக்க வேண்டா.

முருகப் பெருமானைத் தரிசிக்க ஏறும் மலை, அங்கு வாழும் சிற்றுயிர்களுக்கும் சொந்தமானது. மேலே கோயிலில் அமைதி காக்கும் நாம், பக்கத்துக் குகையின் அமைதியையும் காப்போமாக.