வெந்நீரை நிறுத்தலாம், வெப்பத்தை அல்ல

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் ஒரே பாய்லர்தான் குழாய்க்கு வெந்நீரும் அறைகளுக்கு வெப்பமும் தருகிறது. குளிர்காலத்தில் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தொட்டியில் வெந்நீர் சேமிக்கும் வீடுகளில் அதைத் தாராளமாக நிறுத்தலாம். ஆறிய நீரை மறுபடி சூடாக்கத்தான் அதிகம் செலவாகும் என்று பலர் வாதிடுவார்கள், கணக்கு அப்படியில்லை. நீருக்கும் அறைக்கும் வெப்ப வேறுபாடு கூடக் கூட இழப்பும் கூடும். ஆறிவரும் தொட்டி குறைவாக இழக்கிறது; சூடாகவே வைத்த தொட்டியோ பதினான்கு நாளும் இழந்துகொண்டே இருக்கும்.

அறை வெப்பத்தின் கதை வேறு. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பனிக்கட்டி அடைத்த இடத்துக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே அழுத்தம் ஏறி, செம்புக் குழாயே பிளந்துவிடும். பனி உருகிய பிறகுதான் வெள்ளம், அதுவும் ஆளில்லாத வீட்டில். பாய்லரிலேயே உறைபனிக் காப்பு இருக்கிறதே என்றால், அது முதன்மையாகப் பாய்லரைக் காக்கவே. பரண்மேல் ஓடும் குழாயை அது காக்கும் என்று நம்ப முடியாது, மின்சாரத்தை அணைத்தால் அதுவும் வேலை செய்யாது. தெர்மோஸ்டாட்டை 12 டிகிரியளவில் விட்டுச் செல்வதே சிக்கனம். கூடவே தெருவிலிருந்து வரும் நீரின் வால்வையும் மூடிவிடலாம்.

திரும்பியதும் உடனே குளிக்க வேண்டாம். 1976இல் ஃபிலடெல்ஃபியா விடுதியொன்றில் பரவிய நோயால் அடையாளம் காணப்பட்ட லெஜியோனெல்லா கிருமி, தேங்கிய நீரில் 20 முதல் 45 டிகிரிவரை பெருகும். தொட்டியை 60 டிகிரிக்குச் சூடாக்கி, திவலை தெறிக்காமல் குழாய்களைச் சில நிமிடம் திறந்துவிட வேண்டும்.