முழுப்பக்கம்

என் ஆசிரியர் இறுதியாக எழுதிய நீண்ட கட்டுரை இணையத்திலே வெளிவந்திருந்தது. 'பிரின்ற் ஸ்கிரீன்' விசையை அழுத்தி அதனைப் படமாக்கிப் பேணி வைத்தேன். சில காலத்தின் பின் அப்பக்கம் மறைந்தது. படத்தைத் திறந்து பார்த்தேன். அன்று திரையிலே தெரிந்த தலைப்பும் இரண்டு பந்திகளுமே அதில் இருந்தன!

பக்கம் முழுவதையும் ஒரே படமாக்கும் வழி உலாவியிலேயே உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். பயர்பொக்ஸில், பக்கத்தின் வெற்றிடத்திலே சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் திரைப்பிடிப்புக்கான கட்டளை தோன்றும். அதில் முழுப்பக்கத்தையும் சேமிக்கலாம். குரோமில், எப்12 விசையால் ஆக்குநர் கருவிகளைத் திறந்து, கொன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தி, 'ஸ்கிரீன்ஷொட்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, முழு அளவுக்குரியதைத் தெரிய வேண்டும்.

முன்னதாகப் பக்கத்தை அடிவரை நகர்த்திப் பார்த்தல் நன்று. சில படங்கள் நாம் அவ்விடத்தை அடைந்த பின்னரே வந்து சேரும். இவ்வாறு எடுக்கும் படத்தில் இணைய முகவரி பதிவதில்லை. ஆதலின் அதனையும் திகதியையும் தனியே குறித்தல் வேண்டும்.

1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்குச் சிதைந்த ஏடுகளேனும் கிடைத்தன. எனக்கோ, என் ஆசிரியரின் மூன்றாம் பந்தி எவ்வாறு தொடங்கிற்று என்பதுகூட நினைவில் இல்லை.