உப்புக் காற்றில் ஓடுமா பழைய சைக்கிள்?

மரக்காணத்து உப்பளக் கரையில் இரும்புக்குப் பெரிய எதிரி உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் தங்கினால் துரு ஏறும். திண்ணையில் சும்மா சாத்தி வைத்த சைக்கிளையும் அது விடாது!

அதற்காகத் தாத்தாவின் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டுமா? வேண்டாம். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள் கெட்டியானவை. புதிதாகக் கற்பவரும் சீர் செய்யலாம்.

முதலில் உயிர்!

முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கையும், பிரேம் குழாய்கள் சேரும் இடங்களையும் துரு போகச் சுரண்டிப் பாருங்கள். ஓட்டையோ வெடிப்போ தெரிந்தால் அந்தப் பாகம் உதவாது. பெயிண்டு பூசி மறைத்தால் நடுரோட்டில் ஒடிந்துவிடும்.

இடது பெடல் கவனம்!

துருவேறிய நட்டுகளில் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். வலது பெடலை இடப்புறமாகத் திருகினால் கழலும். இடது பெடலோ வலப்புறமாகத் திருகினால்தான் கழலும். மிதிக்கும்போது தானே கழன்று விழாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும்.

பால்ரஸ் குண்டுகளை எண்ணித் துணியில் வையுங்கள். தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றி, கிரீஸ் வையுங்கள். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதைக் கடைக்காரரிடம் விடுங்கள். பெயிண்டு கடைசி வேலை.

வண்டி ஓடிவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை! உப்பளம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். உப்புக் காற்றுக்கு ஓய்வு இல்லை. வண்டி வைத்திருப்பவருக்கும் ஓய்வு கூடாது!