கண்ணுக்குத் தெரியாத காயம்

ஒருவர் வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே அதை இழக்கிறார். சொன்ன நேரத்திற்கு வருவதில்லை. சம்பளம் கையில் தங்குவதில்லை. நேற்றுக் கண்டித்த தவற்றை இன்றும் செய்கிறார். பொறுப்பற்றவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சிலரது வாழ்வில் இதற்கான காரணம் அவர்கள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகிறது.

கருவுற்ற தாய் அருந்தும் மது தொப்புள்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து, வளரும் மூளையைப் பாதிக்கிறது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் இதற்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' எனப் பெயரிட்டனர். முகத்தில் தெரியும் அடையாளங்கள் வயது ஏற ஏற மங்கலாம்; மூளையின் பாதிப்போ மறைவதில்லை. திட்டமிடுதல், பணத்தைக் கையாளுதல், விளைவை முன்னறிதல் ஆகியவை பெரியவர்களான பின்னும் கடினமாகவே இருக்கும். பலர் நன்றாகப் பேசுவதால் இக்குறை வெளியே தெரிவதில்லை.

அதே நகரில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் தலைமையில் 415 பேரைப் பற்றி நடத்தப்பட்ட ஆய்வு 2004ஆம் ஆண்டு வெளியானது. அவர்களில் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களுமாக 60 விழுக்காட்டினர் சட்டச்சிக்கல்களில் சிக்கியிருந்தனர். அந்த ஆய்வு நம்பிக்கையும் தந்தது. சிறுவயதிலேயே பாதிப்பு கண்டறியப்பட்டு, நிலையான நல்ல இல்லத்தில் வளர்ந்தவர்கள் இத்தகைய துன்பங்களிலிருந்து தப்பும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு அதிகமாக இருந்தது.

கருவுற்ற காலத்தில் மதுவை முற்றிலும் தவிர்ப்பதே தடுக்கும் வழி. கருவுற்றதை அறியாமல் அருந்திவிட்ட தாயைப் பழிப்பது யாருக்கும் உதவாது. பாதிக்கப்பட்டவருக்குத் தேவை ஒழுங்கான அன்றாட வாழ்வு, ஒவ்வொன்றாகச் சொல்லப்படும் எளிய அறிவுரை, தளராத துணை. "செய்ய மறுக்கிறார்" என்று தீர்ப்பிடுமுன், "அவரால் முடியவில்லையோ?" என நம்மையே கேட்டுக்கொள்வோம்.