விதையில் தொடங்கும் ஆதரவு

நோன்பு திறக்கும் வேளையின் சமோசா முதல் அன்றாடக் குருமா வரை நம் இல்லங்களில் இடம்பெறும் உருளைக்கிழங்கு, தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த பயிராகும்.

1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிட ஊக்கமளித்தார். அதே காலத்தில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் உருளைக்கிழங்கை அறிமுகப்படுத்தினார். இரண்டுமே ஆட்சியாளர் ஆதரவால் நம் மலைகளில் வேரூன்றியவை.

ஆனால் அறிமுகம் மட்டும் போதுமா? 1961இல் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. வேரைத் தாக்கும் இப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். அதனை எதிர்த்து நிற்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' இரகம் உழவருக்குக் கிடைத்ததோ 1985இல்தான். இடையே கழிந்தவை 24 ஆண்டுகள்!

2015இல் சீன அரசு, உருளைக்கிழங்கை அரிசி, கோதுமைக்கு இணையான பிரதான உணவாக்கும் திட்டத்தை அறிவித்தது. குறைந்த நீரில் மிகுந்த உணவு தரும் பயிர் என்பதே அதன் சிறப்பு.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கிழங்கையே விதையாக நடுவதால், நோயும் விதையோடு வயலுக்குள் நுழைகிறது. எனவே, 'உருளைக்கிழங்கு உண்பீர்' என்னும் விளம்பரத்தினும், நோயற்ற விதைக்கிழங்கை உரிய பருவத்தில் மலை உழவரிடம் சேர்ப்பதே மெய்யான ஆதரவாகும். உழவர் வயல் செழித்தாலன்றோ நம் அடுப்படி நிறையும்!